மலைக்குக் கட்டும் மூட்டை: வாசகர் கேள்வி – பதில்

வார இறுதியில் மலையேறிக் கூடாரம் அடித்துத் தங்குவது பற்றி வந்த கடிதங்களில் சாப்பாடு, தண்ணீர், கருவிகள் மூன்றும் பற்றியவற்றை இந்த இதழில் சேர்த்திருக்கிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கடிதம் மட்டும் இடம்பெறுகிறது.

கேள்வி (திருப்பூர்): நாங்கள் நான்கு பேர். வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி இரவு கொடைக்கானல் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் டென்ட் போட்டுத் தங்கி, ஞாயிறு சாயங்காலம் இறங்குகிறோம். போன தடவை சாப்பாட்டுச் சாமான் மட்டும் 14 கிலோ சுமந்தோம். பாதி அப்படியே திரும்பி வந்தது. ஆனால் தண்ணீர் சனி சாயங்காலமே தீர்ந்துவிட்டது. எப்படித் திட்டமிடுவது?

பதில்: அரிசி, பருப்பிலிருந்து கணக்கை ஆரம்பித்ததால் வந்த சிக்கல் இது. முதல் கேள்வி தண்ணீர்தான். டென்ட் போடும் இடத்தில் தண்ணீர் இருக்கிறதா, எத்தனை நிமிட நடையில் இருக்கிறது, இந்த மாதத்தில் ஓடுகிறதா? எஸ்டேட் ஆளிடம் போனில் இந்த மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். மார்ச் கடைசியில் “ஓடை இருக்கு” என்றால் காய்ந்த ஓடையாகவும் இருக்கலாம்.

நடக்கும்போது ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் செங்குத்தான ஏற்றம் என்றால் முக்கால் லிட்டர். ஐந்து மணி நேர நடைக்கு இரண்டரை லிட்டர். முகாமில் நான்கு பேருக்கு ஆகும் தண்ணீர் இது: இரவுப் பொங்கலுக்கு 2 லிட்டர், இரண்டு வேளை டீக்கு 1.6, காலை உப்புமாவுக்கு 1.2, இரவிலும் காலையிலும் குடிக்க 4, பாத்திரத்துக்கும் கைக்கும் ஒரு லிட்டருக்குச் சற்று மேல். மொத்தம் 10 லிட்டர், ஆளுக்கு இரண்டரை. ஞாயிறு இறங்க இன்னும் இரண்டு லிட்டர். தண்ணீரே இல்லாத இடமென்றால் ஆளுக்கு 7 லிட்டர், அதாவது 7 கிலோ. முதுகுப்பையின் மொத்த எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ. அதில் ஏழு தண்ணீருக்கே போனால் டென்ட், ஸ்லீப்பிங் பேக், துணி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் ஐந்துதான் மிச்சம்.

ஆகவே வறண்ட இடம் என்றால் சமையலை விட்டுவிடுங்கள். இரவுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும், காலையில் புளி அவல். பொங்கல், உப்புமா, பாத்திரம் கழுவுவது மூன்றும் போனால் மூன்றரை லிட்டருக்கு மேல் மிச்சமாகும். அடுப்பும் கேஸும் கூட வேண்டாம்.

தண்ணீர் இருக்கும் இடமென்றால் சாப்பாட்டுக் கணக்கு எளிது. சனி காலைச் சாப்பாட்டைக் கொடைக்கானல் ஊருக்குள்ளேயே முடித்துவிட்டால் மிச்சம் நான்கு வேளை. சனி மதியத்துக்குக் கட்டுச்சோறு ஆளுக்கு 350 கிராம். இரவுப் பொங்கலுக்கு ஆளுக்குப் பச்சரிசி 70 கிராம், பாசிப்பருப்பு 30 கிராம், நெய் ஒரு மேசைக்கரண்டி. காலைக்கு வறுத்துத் தாளித்து வைத்த ரவை 80 கிராம். ஞாயிறு மதியத்துக்குக் கெட்டி அவல் 90 கிராமும் இரண்டு கரண்டி புளிக்காய்ச்சலும். நடக்கும்போது கொறிக்க ஒரு நாளைக்கு 150 கிராம்: கடலை மிட்டாய், வறுத்த வேர்க்கடலை, பேரீச்சை. டீத்தூள், பால் பவுடர், நாட்டுச்சர்க்கரை எல்லாம் சேர்த்து 40 கிராம். கூட்டிப் பாருங்கள், ஆளுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் வரும். நான்கு பேருக்கு நாலேகால் கிலோ. நீங்கள் தூக்கியது 14.

கொறிக்கும் பண்டத்தைக் குறைத்துவிடாதீர்கள். நூறு கிராம் வேர்க்கடலையில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது. அரிசியில் சுமார் 350. ஏறும்போது பசி தெரியாது, வயிறு நிறையச் சாப்பிடவும் முடியாது. மணிக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி உள்ளே போனால்தான் மதியத்துக்குப் பிறகு கால் நடக்கும். எள்ளுருண்டை, பொருவிளங்காய் உருண்டை இரண்டும் இந்த வேலைக்கென்றே செய்தவை போல இருக்கும். கடையில் விற்கும் விலை உயர்ந்த எனர்ஜி பார் அவசியமில்லை.

பொருட்களை ஆள்வாரியாகப் பிரிக்காமல் வேளைவாரியாகக் கட்டுங்கள். “சனி இரவு” என்று எழுதிய ஒரே பைக்குள் அரிசி, பருப்பு, மிளகு, சீரகம், உப்பு, நெய் டப்பா எல்லாம் இருக்க வேண்டும். இருட்டில் நான்கு பைகளையும் கொட்டி உப்பைத் தேடும் வேலை இருக்காது.

கேள்வி (விழுப்புரம்): என் மகனும் அவன் நண்பர்களும் மலைக்குப் போகும்போது புளியோதரை கட்டிக் கொடுத்தேன். வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்தது. சனி மதியம் ஒரு மணிக்குப் பிரித்தால் நூல் விட்டிருந்தது. இரண்டு பேருக்கு வாந்தி. எங்கள் அம்மா காலத்தில் புளியோதரை இரண்டு நாள் தாங்குமே அம்மா?

பதில்: ஆறு மணியிலிருந்து ஒரு மணி வரை 19 மணி நேரம். அதில் ஓர் இரவு முழுக்க மூடிய பஸ்ஸுக்குள் வெக்கையில் இருந்திருக்கிறது. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வெந்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் அழியாது. அதனால் கெட்ட சோற்றைக் கிளறிச் சூடாக்கிச் சாப்பிடலாம் என்று யாரும் முயல வேண்டாம்.

புளிப்பும் உப்பும் எண்ணெயும்தான் புளியோதரைக்குக் காவல். அந்தக் காவல் மூன்று இடங்களில் உடைகிறது. சூடாகவே டப்பாவில் அடைத்து மூடினால் ஆவி மூடியில் படிந்து சொட்டும். அந்த ஈரம் போதும் சோறு ஊசிப்போக. புளிக்காய்ச்சல் எண்ணெய் பிரியும் வரை கொதிக்காமல் தண்ணீர்ப்பதத்தில் இறக்கியிருந்தாலும் கெடும். மூன்றாவது, சோறு குழைந்திருப்பது.

அரிசியை ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் வைத்து உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் ஊற்றி, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க ஆற விடுங்கள். ஆறிய பிறகுதான் கெட்டியான புளிக்காய்ச்சலைப் பிசைய வேண்டும். ஈரக் கரண்டி, ஈரக் கை கூடாது. வாட்டி ஆற வைத்த வாழை இலையில் மடித்துக் கட்டினால் டப்பாவைவிட ஆவி சேர்வது குறைவு. இவ்வளவும் செய்தாலும் அதிகாலையில் செய்ததை அன்று மதியமே முடித்துவிடச் சொல்லுங்கள். இரண்டு நாள் தாங்கிய கதைகள் உண்டு. தாங்காத நாளில் அவஸ்தை மலை உச்சியில், ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து மணி நேர நடையில் நடக்கும்.

வெள்ளி இரவு பஸ் என்றால் சோற்றையே கொடுக்காதீர்கள். புளிக்காய்ச்சலைத் தனியாக, காய்ந்த பாட்டிலில், மேலே எண்ணெய் மிதக்கக் கொடுங்கள். கூடவே கெட்டி அவல். மலையில் அவலைக் களைந்து, அளவாகத் தண்ணீர் தெளித்துப் பதினைந்து நிமிடம் ஊற வைத்துப் பிசைந்தால் வேலை முடிந்தது. நெருப்பு வேண்டாம். ஊறவைத்து, வறுத்து, இடித்த நெல்தான் அவல் என்பதால் அதற்கு மறுபடி வேகத் தேவையில்லை. வறுத்த கடலையைத் தனிப் பொட்டலமாகக் கொடுத்தால் மொறுமொறுப்பு போகாது.

தேங்காய் சேர்ந்த எதையும் கட்டாதீர்கள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி காலையில் செய்தால் மதியம் வரை தாங்கும். தயிர்சாதம் குளிர்பெட்டி இல்லாமல் வேண்டாம்.

கேள்வி (கோயம்புத்தூர்): மலை ஊற்றுத் தண்ணீர் சுத்தமானது என்று எல்லோரும் அப்படியே குடிக்கிறார்கள். வெள்ளியங்கிரியில் சுனைத் தண்ணீரைத்தான் குடித்து ஏறுகிறோம். ஃபில்டர், குளோரின் மாத்திரை எல்லாம் உண்மையிலேயே தேவையா? எது நல்லது?

பதில்: பாறையிலிருந்து கசியும் இடத்தில் தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும். கைதட்டிச் சுனை, ஆண்டிச் சுனை போன்ற இடங்களில் சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை கைகள் அதில் படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மேலே ஏறியவர்கள் எங்கெல்லாம் ஒதுங்குகிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காமாலை வரவழைக்கும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள், டைஃபாய்டு, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி எல்லாம் பெரும்பாலும் மனித மலத்திலிருந்து தண்ணீருக்கு வருபவை. சுனையின் புனிதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீரை எடுத்துச் சுத்திகரித்துக் குடிப்பதால் அதன் பெருமை குறையாது.

கொதிக்க வைப்பதைப் போல் நிச்சயமான வழி வேறில்லை. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். ஆனால் அது கேஸைத் தின்னும். ஒரு லிட்டரைக் கொதிக்க வைக்க, மூடி போட்டுக் காற்றடிக்காத இடத்தில் 12 முதல் 15 கிராம் கேஸ் ஆகிறது. நான்கு பேருக்குக் குடிக்க எட்டு லிட்டர் என்றால் 230 கிராம் கேனிஸ்டரில் (முகாம் அடுப்புக்கான சின்ன கேஸ் உருளை) பாதி அதற்கே போய்விடும்.

அழுத்திப் பிழியும் பை, உறிஞ்சும் குழல் வடிவங்களில் விற்கும் நுண்துளை ஃபில்டர்களில் துளை 0.1 அல்லது 0.2 மைக்ரான் இருக்கும். பாக்டீரியா, ஜியார்டியா தடுக்கப்படும். வைரஸ் அதைவிடச் சிறியது, உள்ளே வந்துவிடும். குளோரின் மாத்திரை இதற்கு நேர் எதிர். வைரஸையும் பாக்டீரியாவையும் கொல்லும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கு அசையாது. இதனால்தான் நம் ஊர் மலைகளில் முதலில் ஃபில்டர், பிறகு மாத்திரை என்ற இரட்டை முறையைச் சொல்கிறோம். கலங்கல் தண்ணீரை நேராக ஃபில்டரில் ஊற்றினால் அரை மணியில் அடைத்துக்கொள்ளும். பாத்திரத்தில் தெளிய வைத்து, நான்காக மடித்த பழைய வேட்டித் துணியில் வடித்துவிட்டு ஊற்றுங்கள்.

மாத்திரையில் நடக்கும் பெரிய தவறு அளவு. ஒரு லிட்டருக்கான மாத்திரையும் இருக்கிறது, 20 லிட்டருக்கான மாத்திரையும் இருக்கிறது. இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டுச் சும்மா ஒரு பொட்டலத்தில் மடித்துக்கொண்டு போகாதீர்கள். போட்ட பிறகு 30 நிமிடம். தண்ணீர் சில்லென்றிருந்தால் ஒரு மணி நேரம். பாட்டிலைக் கவிழ்த்து மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, மரையிலும் அந்தத் தண்ணீர் கசிய விடுங்கள். வாய் வைக்கும் இடம் அதுதான். குளோரின் வாடை பிடிக்காவிட்டால் நேரம் முடிந்த பிறகு எலுமிச்சை பிழியலாம். முன்பே பிழிந்தால் குளோரினின் வேலையை எலுமிச்சை கெடுத்துவிடும்.

தேயிலைத் தோட்டம், கேரட் தோட்டம், உருளைத் தோட்டம் இவற்றுக்குக் கீழே ஓடும் தண்ணீரை எடுக்கவே எடுக்காதீர்கள். கொடைக்கானல், வால்பாறை, கொழுக்குமலை பக்கம் முகாம் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அதில் இருப்பது பூச்சிக்கொல்லியும் உரமும். கொதிக்க வைத்தாலும் போகாது, குளோரினுக்கும் போகாது, சின்ன ஃபில்டருக்கும் போகாது. தோட்டத்துக்கு மேலே காட்டுக்குள்ளிருந்து வரும் ஓடை இல்லையென்றால் ஊரிலிருந்து சுமப்பதுதான் வழி.

ஃபில்டரைத் திரும்பி வந்ததும் சுத்தமான தண்ணீரால் எதிர்த்திசையில் ஊசிக்குழலால் அழுத்திக் கழுவி, நன்றாக உலர்த்தி வையுங்கள். இமயமலைப் பக்கம் கொண்டுபோனால், ஒருமுறை உள்ளே ஈரம் உறைந்துவிட்டாலே இழைகள் விண்டுபோகும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. தண்ணீரும் வழக்கம்போல வரும்.

கேள்வி (மதுரை): கொடைக்கானலில் பொங்கல் வைத்தால் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. ஒரு மணி நேரம் கேஸ் வீணாகிறது.

பதில்: அங்கே சுமார் 2,100 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது, எவ்வளவு எரித்தாலும். பாசிப்பருப்பை வீட்டிலேயே சிவக்க வறுத்து, அரிசியோடு சேர்த்து ரவை பதத்துக்கு உடைத்து எடுத்துப் போங்கள். முகாமுக்கு வந்து டென்ட் அடிக்கும் முன்பே அதை ஊறப் போட்டுவிடுங்கள். முக்கால் மணி ஊறினால் பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும். பாதி வெந்ததும் இறக்கி, பாத்திரத்தைத் துண்டிலும் ஸ்வெட்டரிலும் சுற்றி இருபது நிமிடம் வைத்தால் மிச்சம் தானாக வேகும். துவரை, கடலைப்பருப்பு, ராஜ்மா பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி (சென்னை, தாம்பரம்): சின்ன கேஸ் கேனிஸ்டரை ரயிலில் எடுத்துப் போகலாமா? பைக்குள்தானே இருக்கிறது, யாருக்குத் தெரியும் என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: கூடாது. தீப்பற்றும் பொருட்களை ரயிலில் கொண்டுபோவது ரயில்வே சட்டப்படி குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சட்டத்தைவிடப் பெரிய காரணம் உங்கள் கண் முன்னே நடந்தது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பயணிகள் பெட்டியில், ஒளித்துக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். விமானத்தில் கைப்பையிலும் கூடாது, சரக்கிலும் கூடாது. போய்ச் சேரும் ஊரில் வாங்குவது, இல்லையென்றால் முகாம் நடத்துகிறவரிடம் முன்பே சொல்லி வைப்பது. இரண்டும் நடக்காவிட்டால் நெருப்பில்லாத சாப்பாட்டுத் திட்டம்.

வாங்கும்போது அடுப்புக்கும் கேனிஸ்டருக்கும் மரை பொருந்துகிறதா என்று பாருங்கள். திருகிப் பூட்டும் குட்டை உருளை ஒரு வகை. வீட்டு மேஜையில் வைக்கும் அடுப்புக்கான நீள டின் வேறு வகை. நீள டின்னில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன். அது பூஜ்யம் டிகிரியை ஒட்டித்தான் ஆவியாகத் தொடங்கும் என்பதால் டிசம்பர் காலையில் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் தீ சோம்பிப்போகும். ஐசோபியூட்டேன், புரோபேன் கலந்தது என்றால் குளிரில் எரியும். இரவில் கேனிஸ்டரை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டால் காலையில் நன்றாகப் பிடிக்கும். தீயில் காட்டிச் சூடாக்காதீர்கள். காற்றுத் தடுப்புத் தகட்டை கேனிஸ்டரையும் சேர்த்துச் சுற்றிலும் மூடி வைப்பதும் அதே ஆபத்துதான். டின் சூடேறி வெடிக்கும்.

எவ்வளவு மிச்சம் என்று தெரிய: புதிதாக வாங்கியதும் சமையலறைத் தராசில் நிறுத்து, அதில் 230-ஐக் கழித்து, காலி எடையை மார்க்கரால் டின்னின் அடியில் எழுதுங்கள். அடுத்த முறை நிறுத்தால் கணக்கு தெரிந்துவிடும். நான்கு பேர், ஓர் இரவு, குடிநீரைக் கொதிக்க வைக்கவில்லை என்றால் 120 கிராம் கேஸ் போதுமானது.

கேள்வி (நாகர்கோவில்): மழை பெய்தால் டென்டுக்குள்ளேயே அடுப்பு வைக்கலாமா? கரி அடுப்பு குளிருக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: இரண்டும் உயிரை எடுக்கும். எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை விடுகிறது. அதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம், பிறகு எழுவதில்லை. தீ அடங்கித் தணலாகக் கிடக்கும் கரிதான் அதிகம் விடும். மலை விடுதி அறையில் பார்பிக்யூ கரியை உள்ளே கொண்டுவந்து கதகதப்புக்காக வைத்துத் தூங்கிய இளைஞர்கள் இறந்த செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. மழைக்கு ஒரு தார்ப்பாயை நான்கு பக்கமும் திறந்திருக்கும்படி கட்டி அதன் கீழ் சமையுங்கள். முடியவில்லையா, அவலையும் கடலை மிட்டாயையும் சாப்பிட்டுப் படுங்கள். குளிருக்கு, நன்றாக மூடிய எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, சாக்ஸில் போட்டு, ஸ்லீப்பிங் பேக்கில் கால்மாட்டில் வையுங்கள். நள்ளிரவு தாண்டியும் சூடு இருக்கும்.

கேள்வி (திண்டுக்கல்): விறகு பொறுக்கி எரித்தால் கேஸே வேண்டாமே?

பதில்: காட்டு நிலத்தில் கூடவே கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தீ நமக்கு நினைவிருக்க வேண்டும். காய்ந்த மலைப்புல்லில் பற்றிய தீ சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. கோடையில் வனத்துறை தடங்களை மூடுவது இதனால்தான். தமிழ்நாட்டுக் காப்புக்காடுகளில் அனுமதியின்றி நுழைவதே குற்றம். வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு நடந்து திரும்புவதுதான் ஒழுங்கான வழி. இரவு தங்க விரும்புகிறவர்கள் உரிமம் உள்ள தனியார் இடங்களைத் தேடுங்கள்.

கேள்வி (ஈரோடு): 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் வாங்கினேன். என் போன் பேட்டரி 5,000. இரண்டு முறை முழுதாக ஏற வேண்டும் அல்லவா? ஒன்றரை முறைகூட ஏறவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, கணக்கு வேறு. அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் சொன்ன அளவு; அதாவது 37 வாட்-அவர். வெளியே 5 வோல்ட்டாக மாற்றும்போதும் கேபிளிலும் போனுக்குள்ளும் சுமார் 15 முதல் 25 சதவீதம் சூடாகப் போகிறது. கைக்கு வருவது 28 முதல் 31 வாட்-அவர். உங்கள் போனுக்கு ஒருமுறை ஏற 19 வாட்-அவர் வேண்டும். ஒன்றரை முறைதான் வரும். வாங்கும்போது பின்புறம் சின்ன எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். 10,000 பெட்டியில் அது 6,000 சொச்சமாக இருக்கும்.

ஓர் இரவுப் பயணத்துக்கு இருவருக்கு ஒரு 10,000 போதும், போனை ஒழுங்காக வைத்தால். சிக்னல் இல்லாத மலையில் போன் ஓயாமல் டவரைத் தேடிக்கொண்டே இருக்கும்; சும்மா பையில் கிடந்தே பேட்டரி காலியாவது இதனால்தான். ஏறத் தொடங்கும்போதே ஏர்பிளேன் மோடில் போடுங்கள். ஜி.பி.எஸ். அப்போதும் வேலை செய்யும், அது செயற்கைக்கோளிலிருந்து வாங்க மட்டும்தான் செய்கிறது. வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். கூகுள் மேப்ஸை ஆஃப்லைனில் சேமித்தால் கார் வழி காட்டும், நடைவழி காட்டாது. ஆஸ்மண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்றவற்றில் ஒற்றையடிப் பாதைகள் இருக்கும். அதிலும் வழிகாட்டியின் கண்ணைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

கேபிள் இரண்டு கொண்டுபோங்கள். பவர் பேங்க் நன்றாக இருந்து, இருந்த ஒரே கேபிள் அறுந்ததுதான் அடிக்கடி நடக்கிறது. பையில் தொங்கவிடும் சின்ன சோலார் தகட்டில் பணம் போடாதீர்கள். சோலைக்காட்டு நிழலில் நாள் முழுக்க நடந்தாலும் கால்வாசி ஏறாது. உப்பிய பவர் பேங்க் எவ்வளவு விலையானாலும் தூக்கிப் போட வேண்டியது, அதுவும் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில்.

கேள்வி (அதே வாசகர்): ஹெட்லேம்ப் வேண்டுமா, போன் டார்ச் போதாதா?

பதில்: போதாது. ஒரு கை அதற்கே போய்விடும், விழுந்தால் போனும் போகும், வெளிச்சமும் போகும். 200 முதல் 300 லூமென் வெளிச்சம் உள்ளது ஆளுக்கு ஒன்று. பெட்டியில் போட்டிருக்கும் ‘100 மணி நேரம்’ மிக மங்கலான வெளிச்சத்துக்கு. மாற்று பேட்டரி தனியே இருக்கட்டும். பையில் தானாக எரிந்து தீராமலிருக்க ஒரு பேட்டரியைத் திருப்பிப் போட்டு வையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், செயற்கைக்கோள் வழியாக எஸ்.ஓ.எஸ். அனுப்பும் கையடக்கக் கருவியை வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். காட்டில் பாதுகாப்பு அல்லவா?

பதில்: அண்ணனிடம் உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துரயா, இரிடியம் செயற்கைக்கோள் போன்களை இந்தியாவில் வைத்திருப்பதே சட்டவிரோதம். இரிடியத்தில் இயங்கும் கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளும் இதில் அடங்கும். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் இங்கே விமான நிலையங்களிலேயே கைதாகியிருக்கிறார்கள்.

அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது ஒரு தாளும் ஒரு விசிலும். எந்தத் தடம், எத்தனை பேர், யார் யார் எண், எத்தனை மணிக்குத் திரும்பி போன் செய்வோம், செய்யாவிட்டால் எத்தனை மணிக்கு 112-ஐயும் வனத்துறை அலுவலகத்தையும் கூப்பிட வேண்டும் என்று எழுதி வீட்டில் ஒருவர் கையில் கொடுங்கள். விசிலை நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊதுவது மலையேறுபவர்களின் ஆபத்துச் சைகை. பதிலுக்கு மூன்று ஊதுவார்கள். குரல் போகாத தூரத்துக்கு விசில் போகும். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாத இடத்திலும் 112-ஐ அழுத்திப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் டவர் இருந்தால் அதன் வழியே போகும். பேச்சு போகாத இடத்தில் எஸ்.எம்.எஸ். போவதுண்டு.

கேள்வி (திருவண்ணாமலை): பர்வதமலை ஏறும்போது நிறையத் தண்ணீர் குடித்தும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. தலைவலியும் வருகிறது. ஏன்?

பதில்: வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இன்னும் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், சிறுநீர் தண்ணீர் போல நிறமற்று இருப்பது இவை அதன் அடையாளங்கள். பேச்சு குழறினாலோ தடுமாறினாலோ இன்னும் தண்ணீர் கொடுக்காமல் உடனே கீழே இறக்கி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மாறாக, சிறுநீர் அடர் மஞ்சளாகக் குறைவாகப் போனால் தண்ணீர் பற்றவில்லை என்று பொருள்.

இரண்டு லிட்டர் குடித்தால் அதில் ஒரு லிட்டர் உப்புச் சேர்ந்ததாக இருக்கட்டும். ஓ.ஆர்.எஸ். என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் செய்த பொட்டலம், ஒரு லிட்டருக்கு ஒன்று. முழுப் பொட்டலத்தையும் அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் வயிற்றுப்போக்கு வரும். பழரச டெட்ரா பேக்குகளில் சர்க்கரை அதிகம், அவை இதற்கு மாற்றில்லை. பொட்டலம் இல்லையா: ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. அளவு மாறக் கூடாது, உப்பு கூடினால் ஆபத்து. நடைக்கு மட்டும் என்றால் வெல்லம், சுக்கு, எலுமிச்சையோடு ஒரு சிட்டிகை உப்பும் போட்ட பானகம் மிக நல்லது. ரத்த அழுத்தம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (கூடலூர்): சாப்பாட்டை இரவில் எங்கே வைப்பது? டென்டுக்குள் வைத்தால் பாதுகாப்புதானே?

பதில்: குரங்கிடமிருந்து வேண்டுமானால் பாதுகாப்பு. கூடலூர்க்காரரான உங்களுக்கு யானையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு, வெல்லம், அரிசி, வாழைப்பழம், பலா வாசனைக்கு அது வீட்டுச் சுவரையே இடிக்கும்; டென்ட் துணி எம்மாத்திரம்? கரடியும் காட்டுப்பன்றியும் அப்படித்தான். யானை நடமாட்டம் உள்ள இடத்தில் டென்ட் போடாதிருப்பதே முதல் விதி. அனுமதிக்கப்பட்ட முகாமில் அகழியோ மின்வேலியோ கட்டடமோ இருந்தால் சாப்பாடு முழுவதும் அந்தக் கட்டடத்தில் பூட்டி வைக்கப்பட வேண்டும். தூங்கும் இடமும் சமைக்கும் இடமும் குறைந்தது எழுபது எண்பது தப்படி தள்ளி இருக்கட்டும். மிஞ்சிய பொங்கலை டென்ட் ஓரத்தில் கொட்டாதீர்கள். பற்பசை, சோப்பு, கடலை மிட்டாய்க் காகிதம் இவையும் வாசனைப் பொருட்கள்தான்.

பாத்திரத்தை ஓடைக்குள் இறக்கித் தேய்க்க வேண்டாம். தண்ணீரை மொண்டு வந்து 200 அடி தள்ளி, சோப்பில்லாமல் சாம்பலோ மண்ணோ போட்டுத் தேய்த்து அங்கேயே ஊற்றுங்கள். அடுத்த முகாமில் இருப்பவர்கள் குடிப்பது அதே ஓடையைத்தான். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் கடையில் விற்கும் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுபோகாதீர்கள், அங்கே தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டிலோ கெட்டியான, திரும்பப் பயன்படும் பாட்டிலோ எடுத்துப் போங்கள்.

கேள்வி (சேலம்): ஒன்பது வயது மகளை ஏற்காட்டுக்கு நடை கூட்டிப் போகிறேன். அவளும் பை தூக்குவேன் என்கிறாள்.

பதில்: தூக்கட்டும். எடை அவள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. முக்கால் லிட்டர் தண்ணீர், அவளுடைய மழைக்கோட்டு, ஒரு விசில், அவளே தேர்ந்தெடுத்த தின்பண்டம். தாகம் எடுத்தபின் குழந்தைகள் கேட்கத் தாமதமாகும், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே நிறுத்தி நாலு வாய் குடிக்க வையுங்கள்.